எட்டு நிமிட நோயாளி

நான்கு வருடமாகப் பினாங்கில் நோயாளி வேலை பார்க்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று சனிக்கிழமைகள். ஒரு வாரம் எனக்கு நெஞ்சு வலி. இன்னொரு வாரம் ஆஸ்துமா பிள்ளையின் தாய். மற்றொரு வாரம் மார்பில் கட்டி இருப்பதை மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாத பெண். மருத்துவ மாணவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து தங்கள் பெயரைச் சொல்லி, என் பெயரைக் கேட்டு, விசாரணையைத் தொடங்குவார்கள். எட்டாவது நிமிடம் மணி அடிக்கும். அடுத்தவர் வருவார். அதே வலியை நான் முதலிலிருந்து தொடங்குவேன். தேர்வு நாளென்றால் பதினைந்து தடவைகூட ஆகும். சாப்பாடு, கிராப் செலவு, கொஞ்சம் சன்மானம்.

“இதெல்லாம் ஒரு வேலையா? வாயத் தொறந்து நோவு நோவுன்னு சொல்லாத, நெசமாவே வந்துரும்” என்பார் என் பெரியம்மா. அவரைப் பொறுத்தவரை நோய் என்பது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்துவிடும் விருந்தாளி.

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த வேலையின் பெயர் நன்றாகவே தெரியும். பாகமேற்று நடித்தல். மருத்துவரும் நோயாளியும், கடைக்காரரும் வாடிக்கையாளரும், காவல்காரரும் வழி தவறிய சிறுவனும். ஆசிரியர் யாரையாவது எழுப்பிவிட்டு, “நீ டாக்டரு, நீ நோயாளி” என்பார். எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் டாக்டர் பாகம்தான் வேண்டும். டாக்டருக்கு வசனம் அதிகம். கழுத்தில் தொங்கவிட ஒரு கயிறாவது கிடைக்கும். நோயாளிக்கு “வயிறு வலிக்கிறது ஐயா”, “நன்றி ஐயா” என்று இரண்டே வரி. அதனால் வகுப்பிலேயே பேசாத பிள்ளைக்குத்தான் அந்தப் பாகம் போகும். அந்தப் பங்கீட்டைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது இந்த வேலைக்கு வந்த பிறகுதான். பள்ளியில் அதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறார்கள்: பேசுகிறவர் யார், நன்றி சொல்கிறவர் யார் என்ற பாடம்.

பினாங்கில் இந்த வேலைக்கு ஆள் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. சிப்பாய் லைன்ஸ் சாலையில் 1996இல் பினாங்கு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அயர்லாந்தின் இரண்டு கல்லூரிகள் சேர்ந்து நடத்துவது. இன்று அதற்கு ஆர்.சி.எஸ்.ஐ., யூ.சி.டி. மலேசிய வளாகம் என்று பெயர். படிப்பின் முதல் பகுதியை டப்ளினில் முடித்துவிட்டு, மீதிக்கு ஜார்ஜ் டவுனுக்கு வந்து, நாம் ‘ஜி.எச்.’ என்று சொல்லும் பெரிய ஆஸ்பத்திரி வார்டுகளில் நிற்பது அதன் பழைய வழக்கம். நாட்டில் வேறு மருத்துவக் கல்லூரிகளும் நிறைய இருக்கின்றன. நான் போவது எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை. எதுவானாலும் பிள்ளைகளின் சிக்கல் ஒன்றுதான். இருதயத்தின் நான்கு வால்வுகளையும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். எதிரே ஒரு தமிழ்க் கிழவி உட்கார்ந்து “நெஞ்சு கரிக்குதுய்யா” என்றால் விழிப்பார்கள்.

இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1963இல் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், ஓவியர்களுக்கு மாடலாக நிற்கும் ரோஸ் மெக்வில்லியம்ஸ் என்ற பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து, கால்கள் செயலிழந்த ஒரு நோயாளியாக நடிக்க வைத்தார். மாணவர் சோதித்துவிட்டுப் போன பிறகு, அவர் என்ன கேட்டார், எதை விட்டார் என்று அந்தப் பெண் குறித்து வைப்பார். பக்கத்திலேயே ஹாலிவுட் இருந்தது வசதியாகப் போயிற்று. மருத்துவத்தைச் சினிமா ஆக்குகிறார்கள் என்று கேலி செய்தார்கள். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் இதையெல்லாம் ஒரு தேர்வு முறையாகவே கோத்துக் காட்டினார். வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு பணி, மணி அடித்தால் அடுத்த அறை. எங்கள் மாணவர்கள் ‘ஓஸ்கி’ என்று சொல்லி நகம் கடிப்பது அந்தத் தேர்வைத்தான்.

எனக்குப் பிடித்த கதை இதற்கும் முந்தியது. பேரோஸ் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் நரம்பியல் தேர்வுகளுக்கு உண்மையான நோயாளிகளையே கொண்டுவந்து படுக்க வைப்பார்கள். அப்படி அடிக்கடி வந்துபோன ஒருவர், தேர்வு முடிந்ததும் பேரோஸிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார். சோதிக்க வந்த ஒரு மருத்துவர் தன்னிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டார். அதனால் அந்த ஆளுக்கு மட்டும் தன் நோய்க்குறிகளை மாற்றிக் காட்டிவிட்டேன் என்று. ஒரு நோயாளி தன் நோயை நடித்துக் காட்ட முடியும், நடத்தப்பட்ட விதத்துக்கு மதிப்பெண்ணும் போட முடியும் என்பது பேரோஸுக்கு உறைத்த இடம் அது. இந்தக் கல்விமுறைக்கு விதை போட்டது ஒரு நோயாளியின் கோபம். பாடப்புத்தகங்கள் இந்தப் பகுதியைப் பெரிதாகச் சொல்வதில்லை.

அந்தக் கோபத்துக்கு இப்போது ஒழுங்கான ஒரு இடம் கொடுத்திருக்கிறார்கள். பயிற்சி வகுப்பில் மணி அடித்த பிறகு ஆசிரியர் என் பக்கம் திரும்பி, “நோயாளியாக உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று கேட்பார். பதில் சொல்வதற்கு விதி உண்டு. “நீ மோசமாகச் செய்தாய்” என்று சொல்லக்கூடாது. “நீங்கள் கணினியைப் பார்த்துக்கொண்டே என் கணவரைப் பற்றிக் கேட்டபோது, எனக்கு மேற்கொண்டு சொல்ல வரவில்லை” என்று சொல்லலாம். நடந்தது என்ன, அது என்னை என்ன செய்தது, அவ்வளவுதான். நாளைக்கு டாக்டராகப் போகிற பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு அதைக் கேட்க வேண்டும். குறுக்கே பேசக்கூடாது. முதல் தடவை அப்படிச் சொல்லிவிட்டு வெளியே வந்து கழிவறையில் கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் ஒரு டாக்டரிடம் அப்படி ஒரு வாக்கியம் பேசியதில்லை.

இனி மொழிக்கு வருகிறேன். இந்த ஊரில் டாக்டருக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் பாலமாக இருப்பது பெரும்பாலும் மலாய். “அச்சி, சாகிட் மானா?” என்று கேட்பார்கள். அச்சி என்றால் அக்கா மாதிரி. எங்கே வலி என்பது கேள்வி. மலாயில் நோய்க்கும் சாகிட், வலிக்கும் சாகிட். விவரிக்கச் சொற்கள் அந்த மொழியிலும் நிறைய உண்டு. ஆனால் சந்தையிலும் வேலையிடத்திலும் மலாய் கற்றுக்கொண்ட என் அம்மா தலைமுறைக்குக் கைவசம் இருப்பது அந்த ஒரு சொல்தான். தமிழில் அவர்களிடம் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள்: குத்துது, குடையுது, கடுக்குது, காந்துது, கரிக்குது, பிசையுது, சுருக்குங்குது, விண்விண்ணுங்குது, மதமதன்னு இருக்கு, எறும்பு ஊருது. ஒவ்வொன்றும் டாக்டருக்கு ஒரு துப்பு. சர்க்கரையால் நரம்பு கெட்ட கால் காந்தும், எறும்பு ஊரும். இருதயத்துக்கு ரத்தம் போதாத நெஞ்சு, படத்தில் வருவதுபோல எப்போதும் கையால் பிடித்துக்கொண்டு சாய வைக்காது. பெண்களிலும் சர்க்கரை நோயாளிகளிலும் பலருக்கு வெறும் களைப்பாக, மேல்வயிற்றுச் சங்கடமாக வரும். இத்தனையும் சாகிட் என்ற ஒரே சொல்லுக்குள் போய்ச் சுருண்டுவிடுகிறது. டாக்டர் குறித்துக்கொள்கிறார்: வலி.

அதனால் நான் நடிக்கும்போது சில சமயம் வேண்டுமென்றே மலாய் வாக்கியத்துக்கு நடுவில் தமிழ்ச் சொல்லைப் போடுவேன். ஈப்போவிலிருந்து வந்த ஒரு சீன மாணவன், காந்துது என்ற சொல்லில் நின்றுவிட்டான். “அச்சி, அந்தச் சொல்லுக்குப் பொருள் எனக்குத் தெரியாது. கையால் காட்ட முடியுமா?” என்றான். நான் உள்ளங்காலுக்கு மேல் விரல்களை விரித்து, அடுப்பு அனல்போல ஆட்டிக் காட்டினேன். அவன் அதே மாதிரி தன் கையை ஆட்டிப் பார்த்துக்கொண்டான். மலாயும் தமிழும் தெரிந்தும் அந்த இடத்தைத் தாண்டி ஓடிய தமிழ்ப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பாஷை தெரிவது ஒன்று, நின்று கேட்பது இன்னொன்று.

இதுவரை சொன்னது பாகமேற்பதன் நல்ல பக்கம். அதற்கு ஒரு இருட்டுப் பக்கமும் உண்டு. பாகத்தை யாரோ ஒருவர் எழுத வேண்டும்.

எங்களுக்கு முன்கூட்டியே ஒரு தாள் வரும். பெயர், வயது, வேலை, குடும்பம், எதை உடனே சொல்லலாம், எதைக் கேட்டால் மட்டும் சொல்லலாம். சில தாள்களை அடுத்தடுத்துப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. தமிழ்ப் பெயர் உள்ள ஆண் என்றால் குடிப்பவர். தமிழ்ப் பெயர் உள்ள பெண் என்றால் குடிப்பவரின் மனைவி, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர். எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. வார்டில் பார்த்ததைத்தான் எழுதினார்கள். இந்த நாட்டில் சர்க்கரை நோய் மற்ற இனங்களைவிட இந்தியர்களிடம் அதிகம் என்பதும், 2019 தேசியச் சுகாதார ஆய்வில் இந்தியப் பெரியவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு அது இருந்ததும் உண்மைதான். ஆனால் இருநூறு மாணவர்கள் ஒரே தாளைப் பழகிவிட்டு வார்டுக்குப் போனால், அங்கே படுத்திருக்கும் உண்மையான மனிதருக்கு முன்னால் அந்தத் தாள் போய் உட்கார்ந்துவிடும். கையில் நடுக்கம் என்று ஒருவர் வந்தால் முதல் கேள்வி “எவ்வளவு குடிப்பீர்கள்?” என்று வரும். விளையாட்டில் பழகியதும் கைப்பழக்கம்தானே.

பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. 1973இல் பெரு நாட்டில் எழுத்தறிவு இயக்கத்துக்காக நாடகம் போட்டுக்கொண்டிருந்தார். பார்வையாளர் சொல்லும் தீர்வை நடிகர்கள் நடித்துக் காட்டுவது அன்றைய முறை. ஒரு பெண் எழுந்து ஒரு தீர்வு சொன்னார். நடித்தார்கள். “அப்படி இல்லை” என்றார். திரும்ப நடித்தார்கள். அதுவும் இல்லை என்றார். கடைசியில் போவால் அவரையே மேடைக்கு வரச் சொன்னார். மனைவியை ஏமாற்றிய கணவனாக நின்ற நடிகரை அந்தப் பெண் துடைப்பத்தால் விளாசிவிட்டுத்தான் இறங்கினார். பார்ப்பவரே மேடையேறி நடிக்கும் அரங்கு அங்கிருந்து வளர்ந்தது. தன் கதையை இன்னொருவர் நடித்தால், எவ்வளவு நல்ல மனதோடு நடித்தாலும், ஏதோ ஒன்று நழுவும் என்று எனக்கு இதில் படுகிறது.

நான் துடைப்பம் எடுக்கவில்லை. பயிற்சி ஒருங்கிணைக்கும் டாக்டரிடம், ஒரு தாளை நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். எழுதுங்கள் என்றார். எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதினேன்.

அது என் அம்மாவுடையது. சில வருடங்களுக்கு முன் அம்மாவின் கால் விரலில் புண் வந்து கறுத்துவிட்டது. ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். காலைச் சுற்றில் ஐந்தாறு பேர் கட்டிலைச் சூழ்ந்து நின்றார்கள். மூத்தவர் காலைப் பார்த்துவிட்டு, கெனா பொத்தோங் என்றார். வெட்ட வேண்டும் என்று அர்த்தம். பொத்தோங் என்பது காய்கறி நறுக்குவதற்கும் அதே சொல், சாலையில் முந்திப் போவதற்கும் அதே சொல். “புரிந்ததா, அச்சி?” “ஓகே டாக்டர்.” தாளை நீட்டினார்கள். அம்மா கையெழுத்துப் போட்டார். அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போனதும் என் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டார்: “என்னத்த வெட்டப் போறாங்களாம்? நகத்தையா?”

இரண்டு விரல்கள். அந்த முடிவு மருத்துவப்படி சரியானதுதான். புண் மேலே ஏறாமல் நின்றது. அம்மா இன்று நடக்கிறார், கோயிலுக்குப் போகிறார். ஆனால் அந்தக் கையெழுத்தை இன்றைக்கும் என்னால் சம்மதம் என்று சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டில் ‘ஓகே டாக்டர்’ என்பது ஒரு மரியாதைச் சொல். வணக்கம் மாதிரி. அதற்குள் ஆமாம் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

நான் எழுதிய தாளில் அந்தப் பெண் குடிகாரரின் மனைவி இல்லை. பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்கிறவர். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறவர். நாள் முழுக்க ஈரத் தரையில் ரப்பர் செருப்போடு நிற்பதால் வந்த புண். ஒரே நிபந்தனை வைத்தேன்: “புரிந்ததா?” என்று எத்தனை முறை கேட்டாலும் “ஓகே டாக்டர்” மட்டும்தான் பதில். “நான் சொன்னதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்” என்று கேட்டால் மட்டும், நகத்தை எடுக்கப் போவதாகச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் பன்னிரண்டு மாணவர்கள் வந்தார்கள். இரண்டு பேர் கேட்டார்கள். மீதிப் பத்துப் பேரும் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்தியாக வெளியே போனார்கள். பிறகு ஆசிரியர் எல்லாரையும் உட்கார வைத்து, அந்தப் பெண் என்ன புரிந்துகொண்டிருந்தார் என்று என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அறை அமைதியானது. பின் வரிசையில் ஒரு பெண் மெல்ல, “எங்க பாட்டியும் ஓகேன்னுதான் சொல்லுவாங்க” என்றாள். சொற்பொழிவாக இதை நடத்தியிருந்தால் குறிப்பு எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். தாங்களே கையெழுத்து வாங்கிவிட்டதுதான் அவர்களை உறுத்தியது. வேடம் கட்டிக் கற்பதன் பயன் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் இதைச் சொல்வேன். யாருடைய காலும் போகாமல் ஒரு தவறைச் செய்து முடித்து, அந்தத் தவறு வாய் திறந்து பேசுவதைக் கேட்க முடிகிறது.

எல்லை தெரியாமல் இதைப் புகழவும் கூடாது. தேர்வுத் தாளில் பரிவுக்கு மதிப்பெண் உண்டு. அதனால் பிள்ளைகள் அதையும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். நான் அழத் தொடங்கியதும் சரியாக மூன்று நொடி பொறுத்து, திசுத்தாள் பெட்டியை நகர்த்தி, உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று புரிகிறது என்பார்கள். பதினைந்து பேரும் அதே வாக்கியம். கண்ணைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் நடந்தால் குருடாகிப்போன முதல் அரை மணியின் பயம் தெரியும். இருபது வருடம் கண் தெரியாமல் வீடு நடத்துகிறவரின் சாமர்த்தியம் தெரியாது. எனக்கும் அப்படித்தான். மணி அடித்ததும் எழுந்து முகம் கழுவி, என் சொந்தப் பெயரை ஒரு முறை சத்தமாகச் சொல்லிவிட்டு நாசி கண்டார் சாப்பிடப் போகிறேன். பாகத்திலிருந்து இறங்க அது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வழி. உண்மையான நோயாளிக்கு அந்த மணி அடிப்பதில்லை.

சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவையை இந்த வேலைக்கு வந்த பிறகு வேறு விதமாகப் படிக்கிறேன். கோவலன் சிலம்பு விற்கப் போயிருக்கிறான். ஆயர் சேரியில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, எருதின் கண்ணில் நீர் வழிகிறது. என்னவோ நடக்கப் போகிறது என்று மாதரிக்குத் தெரிகிறது; என்னவென்று தெரியவில்லை. அவள் உடனே ஏழு பெண்களைக் கூட்டி, ஏழு சுரங்களின் பெயரிட்டு, நீ மாயவன், நீ பலராமன், நீ நப்பின்னை என்று பாகம் கொடுத்து ஆட வைக்கிறாள். கண்ணகி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கூத்து கோவலனைக் காப்பாற்றவில்லை. ஆனாலும் கையில் வேறொன்றும் இல்லாத ஒரு நாளில், அந்தப் பெண்களுக்குத் தெரிந்த வழி ஒருவர் இன்னொருவராக நிற்பதாக இருந்தது. பாகமேற்றலுக்கு அதைவிடப் பெரிய சக்தி இருப்பதாக நான் நினைக்கவில்லை. அதைவிடச் சின்னது என்றும் நினைக்கவில்லை.

ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில், மறுநாள் கிளினிக் தேதி இருக்கும் அக்காமார்களோடு இப்போது சில இரவுகளில் உட்காருகிறோம். மாணவர்களுக்கு ஒத்திகை இருக்கிறது, நோயாளிகளுக்கு ஏன் இல்லை என்று தோன்றியதில் தொடங்கியது. பாகம் பிரிக்கும்போது எல்லாருக்கும் மறுபடி டாக்டர் வேஷம்தான் வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா டாக்டராக உட்கார்ந்ததும் நிமிர்ந்தே பார்க்காமல் கிறுக்கத் தொடங்கினார், “ம்ம், ம்ம், அப்புறம்?” என்றார், வயிறு குலுங்கச் சிரித்தோம். டாக்டர் பாகம் எல்லாருக்கும் அத்துப்படி. நோயாளி பாகத்துக்குத்தான் பயிற்சி தேவைப்பட்டது. ஒரே ஒரு வாக்கியத்தை மலாயில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினோம்: கொஞ்சம் பொறுங்க டாக்டர், நீங்க சொன்னத நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க.

போன வாரம் அந்த அக்கா கிளினிக்கிலிருந்து வந்து, கதவருகே நின்றபடியே சொன்னார். “சொல்லிட்டேன்டி. பேனாவ வெச்சிட்டு மொகத்தப் பாத்தாரு.”

“மருந்த மாத்தினாரா?”

“இல்ல. அதே மாத்திரதான். எதுக்குன்னு இப்பதான் தெரியும்.”